விரைவு பெரிதா, நம்பிக்கை பெரிதா?

சென்ற ஞாயிற்றுக்கிழமை மாலை, நீண்ட நாட்களாகக் காணாதிருந்த நண்பர் ஒருவரின் இல்லத்திற்குச் சென்றிருந்தோம். நண்பர் ஓய்வு பெற்ற கணக்காளர். இப்பொழுது தம் ஊர்ச் சனசமூக நிலையத்தின் பொருளாளராகத் தொண்டாற்றி வருகிறார். அவருடைய மூத்த மகன் பல்கலைக்கழக மாணவன். நாம் தேநீரை அருந்தி முடிக்குமுன்னரே அவ்விளைஞன் நம்மைத் தன் அறைக்கு அழைத்துச் சென்று, மேசைமீதிருந்த கணினியைப் பெருமிதத்துடன் காட்டினான்.

"மாமா, இதன் வேகம் 3,300 மெகாஹேர்ட்ஸ் என்றுதான் இதை வாங்கும்போது சொன்னார்கள். நேற்றிரவு 4,600 ஆக்கிவிட்டேன். ஒரு சதமேனும் செலவில்லை!" என்றான்.

நண்பர் வாசற்படியில் நின்றபடியே கூறினார்: "ஒரு சதமும் கொடாமல் ஒரு பொருள் வந்து சேர்ந்தால், அது எந்தக் கணக்கிலிருந்து வந்தது என்று கேட்பது எமது தொழில் வழக்கம். இந்த வேகம் முன்பு எங்கே இருந்தது? இருந்ததென்றால், செய்து விற்றவன் அதை ஏன் நமக்குத் தரவில்லை?"

மகனுடைய மகிழ்ச்சியில் நாம் குறை காணவில்லை. ஆயினும் தந்தையின் வினா எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. ஓவர்குளொக்கிங் என்று இளைஞர்கள் கூறும் இக்கலையைக் குறித்து இன்று பல இல்லங்களிலே மகன் ஒரு பக்கமும் தந்தை ஒரு பக்கமுமாக நிற்கின்றனர். ஆகவே இவ்வாரம் இதனையே எடுத்துக்கொண்டோம்.

தாளமும் சொல்வதெழுதலும்

கணினியின் மூளையென நாம் கூறும் புரொசெசர், பாடநூல்கள் முறைவழியாக்கி என்று அழைக்கும் அச்சிறு சிலிக்கன் சில்லு, ஒரு தாளத்திற்கு இசைந்து தொழில் புரிவது. தாய்ப்பலகையிலுள்ள குவார்ட்ஸ் படிகமொன்றின் அதிர்விலிருந்து அத்தாளம் பிறக்கின்றது. 3,300 மெகாஹேர்ட்ஸ் என்றால் விநாடிக்கு 330 கோடி துடிப்புகள். ஒரு விநாடியை நூறு கோடி கூறாக்கினால், அக்கூறுகளில் ஒன்றின் மூன்றிலொரு பங்கிலும் குறைந்த காலமே ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் இடையே உள்ளது. அந்த இடைவெளிக்குள் மின் சைகைகள் டிரான்சிஸ்டர்கள் பலவற்றைக் கடந்து தமக்குரிய இடத்தைச் சென்றடைந்துவிட வேண்டும்.

மாணவ நேயர்கள் விளங்கிக்கொள்ளுமாறு ஓர் உவமை கூறுவோம். வகுப்பிலே ஆசிரியர் சொல்வதெழுதல் நடத்துகிறார். ஒரு சொல்லைக் கூறி, எல்லோரும் எழுதி முடிக்கும்வரை பொறுத்து, அடுத்த சொல்லைக் கூறுகிறார். விரைந்து எழுதுவோரும் உளர். மெல்ல எழுதுவோரும் உளர். ஆசிரியரின் வேகத்தை நிர்ணயிப்பவன் முதல் மாணவன் அல்லன். கடைசியாக எழுதி முடிப்பவனே. ஆசிரியர் சற்றுப் பொறுமையுள்ளவராயின், கடைசி மாணவன் எழுதி முடித்த பின்னரும் ஒரு கணம் தாமதித்தே அடுத்த சொல்லைத் தொடங்குவார். அந்த ஒரு கணமே நண்பர் கேட்ட மிச்ச வேகம்.

ஆசிரியர் வேகத்தைக் கூட்டினால் முதலில் அந்த மிச்சம் கரையும். அதற்குமேலும் கூட்டினால் கடைசி மாணவன் பின்தங்குவான். அவன் எழுந்து, "ஐயா, எனக்குக் கேட்கவில்லை" என்று கூறுவானாயின் கேடொன்றுமில்லை. ஆனால் அவன் வாய் திறப்பதில்லை. அரைகுறையாகக் காதில் விழுந்ததை எழுதிவிட்டு அடுத்த சொல்லுக்குத் தாவிவிடுகிறான். கொப்பியைத் திருத்தும்போதுதான் பிழை வெளிப்படும். புரொசெசரினுள்ளே நிகழ்வதும் இதுவே. மிக நீண்ட பாதையிலே செல்லும் சைகை உரிய காலத்தில் வந்து சேராவிடின், 1 இருக்கவேண்டிய இடத்தில் 0 நின்றுவிடும். இயந்திரம் அதைப் பிழையென்று அறியாது. விடையென்றே எடுத்துக்கொண்டு மேலே செல்லும்.

மிச்சம் வைத்தவர் யார்?

ஏன் இந்த மிச்சத்தை வைத்து விற்கிறார்கள்? வட்டமான சிலிக்கன் தகடு ஒன்றிலிருந்து பல நூறு சில்லுகள் ஒருமிக்க வெட்டி எடுக்கப்படுகின்றன. ஒரே மரத்துப் பழங்களாயினும் எல்லாம் ஒரே இனிப்பல்ல. அதுபோலவே ஒரே தகட்டுச் சில்லுகளும் ஒரே திறமையுடையனவல்ல. உற்பத்தியாளர் ஒவ்வொன்றையும் சோதித்துத் தரம் பிரித்து விலை குறிக்கின்றனர். குறித்த வேகத்தை அச்சில்லு பல ஆண்டுகளுக்கு, புழுக்கமான அறையிலும், மட்டமான மின்வழங்கியோடும், தூசி படிந்த விசிறியோடும் தவறாது காக்க வேண்டும் என்பதற்காகவே ஒரு பாதுகாப்பு இடைவெளி விடுகின்றனர். மலிவான சில்லுக்குச் சந்தையில் தேவை மிகும்போது, நன்றாக ஓடக்கூடியவற்றையும் குறைந்த வேகத்தின் பெயரால் விற்பதுமுண்டு.

இந்த இடைவெளியைச் செலவிட முயன்றவர் பலர். 1984இல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட ஏ.டி. என்னும் கணினி 6 மெகாஹேர்ட்ஸில் ஓடியது. அதன் படிகம் 12 மெகாஹேர்ட்ஸ்; அதில் பாதியே புரொசெசரின் வேகம். சிலர் அப்படிகத்தைக் கழற்றி 16 மெகாஹேர்ட்ஸ் படிகத்தைப் பொருத்தி, 8 மெகாஹேர்ட்ஸில் ஓட்டினர். அடுத்த ஆண்டே அந்நிறுவனம், தொடக்கத்தில் வேகத்தை அளந்து, மிகையாயின் இயங்க மறுக்கும் வண்ணம் தன் கணினியின் அடிப்படை நிரலை மாற்றியது.

எனினும் இக்கலையைச் சாதாரண மாணவன் கைக்குக் கொண்டுவந்த சில்லு எதுவெனில், 1998 ஓகஸ்டில் வெளியான இன்டெல் செலரோன் 300ஏ என்பதே. அதன் விலை 149 டொலர். வேகம் 300 மெகாஹேர்ட்ஸ். பலகையின் அடிப்படைத் தாளமாகிய 66 மெகாஹேர்ட்ஸை நாலரையால் பெருக்கினால் வருவது அது. மெதுவான சில்லுகளின்மேல் விரைவான சில்லின் பெயரைப் பொய்யாக அச்சிட்டு விற்ற வணிகர்கள் அக்காலத்தில் இருந்தமையால், நாலரை என்ற அப்பெருக்கெண் மாற்றமுடியாதபடி பூட்டப்பட்டிருந்தது. ஆனால் அடிப்படைத் தாளத்தை 100 ஆக்குவதைப் பூட்டு தடுக்கவில்லை. 100ஐ நாலரையால் பெருக்கினால் 450. அதே நாளில் வெளியான பென்டியம் 2 வகைச் சில்லின் வேகமும் 450. அதன் விலையோ 669 டொலர்.

இது மாயமன்று. இரண்டினதும் உள்ளமைப்பு ஏறக்குறைய ஒன்றே. செலரோனில் 128 கிலோபைட் விரைவு நினைவகம் சில்லின் உள்ளேயே அமைந்து புரொசெசரின் முழு வேகத்தில் ஓடியது. பென்டியம் 2இல் 512 கிலோபைட் இருந்தும், அது தனிச் சில்லுகளாக வெளியே நின்று பாதி வேகத்திலேயே ஓடியது. ஆதலின் மலிவான சில்லு விலையுயர்ந்ததன் அருகே வந்து நின்றது. ஆயினும் எல்லாச் செலரோன்களும் 450ஐ எட்டவில்லை என்பதையும் கூறவேண்டும். சிலவற்றுக்கு மின்னழுத்தத்தைக் கூட்ட வேண்டியிருந்தது. வேறு சில அப்போதும் நிலைத்து நிற்கவில்லை. மிச்சம் என்பது எல்லோருக்கும் சமமாகப் பங்கிடப்பட்டதன்று.

நண்பரின் வினாவுக்கு விடை இதுவே. மகனுக்குக் கிடைத்த வேகம் ஆகாயத்திலிருந்து விழுந்ததன்று. பிழை வராமைக்காக ஒதுக்கி வைக்கப்பட்ட சேமநிதியிலிருந்து எடுக்கப்பட்டது. கணக்காளராகிய நண்பர் இதைக் கேட்டதும் தலையசைத்தார்.

உஷ்ணத்தின் கணக்கு

வேகம் கூட்டியபின் சில்லு தடுமாறுமாயின், மின்னழுத்தத்தைச் சற்று உயர்த்துவது வழக்கம். அழுத்தம் கூடினால் டிரான்சிஸ்டர்கள் விரைவாகத் திறந்து மூடும். ஆனால் இதற்கு விலையுண்டு. சில்லு உண்ணும் மின்சாரம், முக்கியமாக, வேகத்தோடு நேராகவும் மின்னழுத்தத்தின் வர்க்கத்தோடும் கூடுகின்றது. உண்ட மின்சாரம் யாவும் உஷ்ணமாகவே வெளிவரும்.

நண்பரின் மகனுடைய கணினியையே எடுத்துக்கொள்வோம். முன்பு 3,300 மெகாஹேர்ட்ஸ், 1.20 வோல்ற். இப்பொழுது 4,600 மெகாஹேர்ட்ஸ், 1.40 வோல்ற். வேகம் 39 வீதம் கூடியது. மின்சாரமோ ஏறத்தாழ 90 வீதம் கூடுகின்றது. மாணவர்கள் தாமே பெருக்கிப் பார்க்கலாம். உஷ்ணம் ஏறினால் கம்பிகளின் தடை ஏறும். வீணே ஒழுகும் மின்னோட்டமும் ஏறும். அதனால் சில்லு மீண்டும் தடுமாற, மீண்டும் அழுத்தத்தை உயர்த்த, மீண்டும் உஷ்ணம் ஏறும். தாகத்துக்கு உப்பு நீர் குடித்த கதைதான்.

பெரிய நிறுவனங்களும் இச்சுவரில் மோதியிருக்கின்றன. பென்டியம் 4 சில்லை 4,000 மெகாஹேர்ட்ஸில் வெளியிடத் திட்டமிட்டிருந்த இன்டெல், 2004 ஒக்டோபரில் அத்திட்டத்தைக் கைவிட்டது. ஒரே மூளையை மேலும் விரட்டுவதை விடுத்து, ஒரு சில்லினுள் இரண்டு, நான்கு எனப் பல மூளைகளை அமைக்கும் வழி அதன்பின்பே பெருவழியாயிற்று. இன்னும் விரைவாக ஓட்ட முடியாதென்பதில்லை. திரவ ஹீலியத்தை ஊற்றிக் குளிரச் செய்து 2022 டிசம்பரில் 9,000 மெகாஹேர்ட்ஸைத் தாண்டியவரும் உளர். அது சில நொடிகள் நின்ற சாதனை. அந்த இயந்திரத்தில் எவரும் வரவு செலவு எழுதுவதில்லை.

பாட்டு நிற்கவில்லை, கணக்குப் பிழைத்தது

"தம்பி, இது நிலையாக ஓடுகிறது என்று நீர் எப்படி அறிந்தீர்?" என்று கேட்டோம்.

"நேற்றிரவு முழுவதும் விளையாடினேன் மாமா, ஒருமுறையும் நிற்கவில்லை" என்றான்.

அப்பொழுதே பிரைம்95 என்னும் இலவச மென்பொருளை ஓட்டும்படி கூறினோம். பெரும் பகாஎண்களைத் தேடுவதற்காக 1996இல் ஜோர்ஜ் வோல்ட்மன் என்பவர் தொடங்கிய கூட்டு முயற்சிக்கென எழுதப்பட்டது அது. ஒரு கணக்குப் பல வாரங்கள் நீளக்கூடிய அம்முயற்சியிலே, நடுவில் ஒரு துடிப்புப் பிழைத்தாலும் அத்தனை உழைப்பும் வீணாகும். ஆகவே, விடை முன்கூட்டியே தெரிந்த கணக்குகளைக் கொடுத்து இயந்திரத்தைச் சோதிக்கும் பகுதியொன்றும் அதில் சேர்க்கப்பட்டிருக்கிறது. சொல்வதெழுதல் கொப்பியை உடனுக்குடன் திருத்தும் ஆசிரியர் அது எனலாம்.

கணினியின் நான்கு மூளைகளும் வேலையில் இறங்கின. விசிறி இரைந்தது. பதினொரு நிமிடம் கழிந்தது. நான்கில் ஒன்று, 0.4க்குக் குறைந்திருக்க வேண்டிய பின்னம் 0.5 ஆகிவிட்டது என்று ஒரு வரி எழுதிவிட்டு ஓய்ந்தது. மற்றைய மூன்றும் ஓடிக்கொண்டிருந்தன. கணினி நிற்கவில்லை. திரையிலே குடும்பப் படம் அழகாகத் தெரிந்தது; ஒலிபெருக்கியில் பாட்டும் தடையின்றிக் கேட்டது.

நண்பர் திரையைச் சிறிது நேரம் உற்று நோக்கினார். பின்பு மகனை நோக்கி, "சென்ற மாதச் சனசமூக நிலையக் கணக்கை இதிலேதானே எழுதினேன்?" என்றார்.

"நேற்றிரவுதான் மாற்றினேன், அப்பா. கணக்கு அதற்கு முன்பு எழுதியது" என்றான் மகன். அவன் குரலில் முன்பிருந்த உற்சாகம் இல்லை.

கணினி திடீரென்று நின்றுவிடுவதையும், நீலத்திரை காட்டுவதையும், தானே மறுபடி தொடங்குவதையும் நாம் பெருந்தொல்லையாகக் கருதுகின்றோம். உண்மையில் அவை யாவும் நல்ல மனமுடைய பிழைகள். தாம் வந்ததை அறிவிக்கின்றன. அஞ்சத்தக்கது ஊமைப் பிழையே. மைக்ரோசொப்ட் நிறுவனத்தில் பணியாற்றிய ரேமண்ட் சென் 2005இல் இதுபற்றி எழுதியிருக்கிறார். வாடிக்கையாளரின் கணினிகள் செயலிழந்தபோது வந்து சேர்ந்த அறிக்கைகளுள் சில, நடக்கவே முடியாதனவாக இருந்தனவாம். உள்ளிருக்கும் ஓர் எண்ணைப் பூச்சியமாக்கு என்னும் கட்டளையில் தவறுவதற்கு ஒன்றுமில்லை. அந்தக் கட்டளையிலேயே இயந்திரம் விழுந்திருந்தது. விசாரித்தபோது, அக்கணினிகளிற் பல வேகம் கூட்டப்பட்டவை என்பது தெரியவந்தது. சிலவற்றின் உரிமையாளருக்கு அச்செய்தியே தெரியாது. விற்ற சிறு கடைக்காரர் சொல்லாமலே வேகத்தைக் கூட்டி விற்றிருந்தார். அந்நிறுவனத்தின் ஆராய்ச்சியாளர்கள் பத்து லட்சம் வரையான வீட்டுக் கணினிகளை ஆராய்ந்து 2011இல் வெளியிட்ட கட்டுரையும், வேகம் கூட்டப்பட்டவை மற்றவற்றிலும் அடிக்கடி விழுகின்றன என்றே காட்டியது.

இவ்விடத்தில் நமது தவறொன்றையும் மறையாது கூறிவிடுகிறோம். சில ஆண்டுகளுக்கு முன் நாமும் இந்த ஆசைக்கு உட்பட்டோம். வேகத்தைக் கூட்டிவிட்டு, ஒரு மணிநேரம் திரைப்படமொன்றை ஓட்டிப் பார்த்துத் திருப்தியடைந்தோம். அப்பொழுது நம் பெரியம்மா தம் பழைய படத்தொகுப்பை நம்மிடம் தந்திருந்தார். நானூறுக்கு மேற்பட்ட படங்களைக் கணினியிற் பதிந்து, இடம் மிச்சப்படுத்தவென ஒரே கோப்பாகச் சுருக்கி வைத்து, பதிந்த மூலங்களை அழித்துவிட்டோம். தொகுப்பு பெரியம்மாவிடம் திரும்பிப் போயிற்று; பின்பு அதைக் கறையான் அரித்தது. இரண்டாண்டு கழித்து அவர் கேட்டபோது கோப்பைத் திறந்தோம். முப்பத்தொரு படங்கள் திறக்கவில்லை. எம் பாட்டியாரின் ஒரேயொரு படமும் அவற்றுள் ஒன்று.

காரணம் அறியவேண்டி, மற்றொரு படத்தொகுதியை அதே கணினியிற் பத்து முறை சுருக்கிச் சரிபார்ப்பு எண்களை ஒப்பிட்டோம். கூட்டிய வேகத்திலே பத்தில் இரண்டு வேறாக வந்தன. பழைய வேகத்திலே பத்தும் ஒன்றாயிருந்தன. பெரியம்மா நம்மைக் கடிந்துகொள்ளவில்லை. "போனால் போகட்டும், மோனே" என்றார். கடிந்திருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.

நிலைநிறுத்தும் முறை

அப்படியாயின் இளைஞர் எவரும் இதனைத் தொடவே கூடாதா? நாம் அவ்வாறு கூறமாட்டோம். தன் கணினியின் உள்ளே என்ன நிகழ்கிறதென்று ஆராயும் மாணவன் பாராட்டத்தக்கவனே. ஆயின் வேகத்தைக் கூட்டுவது ஐந்து நிமிட வேலை. அது நிலையானதென்று நிரூபிப்பது பல நாள் வேலை. இரண்டாவதைச் செய்ய விருப்பமில்லாதவர் முதலாவதைத் தொடங்காதிருப்பதே நன்று.

முதலாவதாக, ஒரு கொப்பியை எடுத்துக்கொள்க. மாற்றும் ஒவ்வொன்றையும், மாற்றிய நேரத்தையும், கண்ட உஷ்ணத்தையும் அதிற் குறித்து வருக. ஒரே சமயத்தில் ஒன்றை மட்டுமே மாற்றுக. புரொசெசரின் வேகத்தையும் நினைவகத்தின் வேகத்தையும் ஒருங்கே கூட்டியவன், பிழை வரும்போது எது குற்றவாளி என்று அறியான்.

இரண்டாவதாக, குளிர்ச்சிக்கு வழி செய்க. நண்பரின் மகனுடைய கணினியைத் திறந்தபோது, விசிறியின் அடியிலிருந்த உலோகத் தகடுகளுக்கிடையே தூசி கம்பளம்போற் படிந்திருந்தது. சில்லுக்கும் தகட்டுக்கும் இடையே பூசும் பசை காய்ந்து சுண்ணாம்பாகியிருந்தது. இரண்டையும் சரிசெய்த மாத்திரத்தில் உஷ்ணம் 14 பாகை குறைந்தது. புதிய சில்லுகள் 95 அல்லது 100 பாகை செல்சியஸை எட்டியதும் தாமே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். உஷ்ணத்தை அடக்காமல் வேகத்தைக் கூட்டுவது ஓட்டைக் குடத்தில் நீர் நிரப்புவது போலாகும். அன்றியும், மார்கழி இரவிலே தேறிய சோதனை சித்திரை நண்பகலுக்குச் செல்லாது. அறையின் உஷ்ணம் 8 பாகை கூடினால் சில்லின் உஷ்ணமும் ஏறக்குறைய அவ்வளவு கூடும். அந்த இடைவெளியையும் கணக்கிற் சேர்த்துக்கொள்க.

மூன்றாவதாக, 100 மெகாஹேர்ட்ஸ் வீதம் ஏறுக. ஒவ்வொரு படியிலும் அரை மணிநேரமேனும் சோதனையை ஓட்டுக. பிழை தோன்றினால், ஒன்று ஒரு படி இறங்குக. அல்லது மின்னழுத்தத்தை ஒரு வோல்ற்றின் நூறிலொரு பங்கு அல்லது இரு பங்கு மட்டும் உயர்த்துக. மின்னழுத்தத்தைத் தாய்ப்பலகையின் தானியங்கு விருப்பத்திற்கு விட்டுவிடாதீர்கள். பலகை, பிழை வராதிருக்கும்பொருட்டுத் தேவைக்கு மிஞ்சி ஊட்டிவிடுவது உண்டு. நண்பரின் மகன் கண்ட 1.40 வோல்ற் அவன் இட்டதன்று. பலகை தானே இட்டது.

நான்காவதாக, எல்லையைக் கண்டபின் அங்கே குடியிருக்காமல் இரண்டு மூன்று படி இறங்குக. இதனாற் பெரிய நட்டமில்லை. 3,300 மெகாஹேர்ட்ஸில் 60 நிமிடம் எடுக்கும் வேலை, 4,600இல் அதிகம் போனால் 43 நிமிடமாகக் குறையலாம். 4,300இல் 46 நிமிடம். மூன்று நிமிடமே வேறுபாடு. ஆனால் 4,300ஐ 1.30 வோல்ற்றில் நிறுத்தலாமாயின், மின்சாரச் செலவு 90 வீதத்திற்குப் பதிலாக 53 வீதமே கூடும். அந்த மூன்று நிமிடத்தைத் திருப்பிக் கொடுத்தால், பாதுகாப்பு இடைவெளியின் ஒரு பகுதியை மீட்டுக்கொள்கிறோம்.

ஐந்தாவதாக, இறுதிச் சோதனையை ஓர் இரவும் ஒரு பகலும் ஓட்டுக. நினைவகத்தை மெம்டெஸ்ட்86 போன்ற தனிச் சோதனையால் ஆராய்க. பின்பு ஒரு வாரம் சாதாரண வேலைகளிலும் கவனித்து வருக. கடும் உழைப்பிலே நின்றது சில வேளை ஓய்விலே விழும். கிணற்று மோட்டர் தொடங்கும் கணத்தில் வீட்டு விளக்கு மங்குவதைக் கண்டிருப்பீர்கள். அதுபோல, சும்மா இருந்த சில்லு திடீரென வேலை தொடங்கும்போது மின்னழுத்தம் கணநேரம் தாழும். அந்தத் தாழ்விலும் கணக்குப் பிழையாதிருக்க வேண்டும்.

காலத்தின் அரிப்பு

இன்று தேறிய சில்லு அடுத்த ஆண்டும் தேறுமா என்பது வேறு வினா. மிகு மின்னோட்டமும் மிகு உஷ்ணமும் சேர்ந்தால், சில்லினுள்ளிருக்கும் நுண்கம்பிகளின் உலோக அணுக்கள் மெல்ல இடம்பெயர்கின்றன. ஆற்று நீர் கரையை அரிப்பது போன்றது அது. 2002ஆம் ஆண்டையொட்டி, பென்டியம் 4இன் நோர்த்வுட் வகைச் சில்லுகளுக்கு 1.7 வோல்ற்றுக்கு மேல் ஊட்டியவர் பலர், சில வாரங்களிலோ மாதங்களிலோ அவை திடீரென இறந்துபோகக் கண்டனர்.

உற்பத்தியாளரே இதில் இடறியதும் உண்டு. இன்டெலின் 13ஆம், 14ஆம் தலைமுறை மேசைக் கணினிப் புரொசெசர்களிற் சில, உள்நிரலின் குறையால் வேண்டியதற்கு அதிகமான மின்னழுத்தத்தைத் தாமே கேட்டு வாங்கின. நாளடைவில் நலிந்து நிலைகுலைந்தன. 2024 ஓகஸ்டில் அந்நிறுவனம் திருத்தம் வெளியிட்டு, உத்தரவாதக் காலத்தையும் 2 ஆண்டு நீட்டியது. ஆனால் அத்திருத்தம் ஏற்கெனவே பழுதுற்ற சில்லுகளைக் குணப்படுத்தவில்லை. அவ்வகைக் கணினி வைத்திருக்கும் நேயர்கள், தாய்ப்பலகையின் பயோஸ் நிரலைப் புதுப்பித்திருக்கிறார்களா என்று இன்றே பார்த்துக்கொள்வது நலம்.

புதிய கணினி வாங்க எண்ணுவோர்க்கு மற்றொன்றும் கூறுவோம். இக்காலப் புரொசெசர்கள் உஷ்ணமும் மின்சாரமும் இடங்கொடுக்கும் அளவுக்குத் தாமே வேகத்தைக் கூட்டிக் குறைத்துக்கொள்கின்றன. 1998இல் 300ஐ 450 ஆக்கியது போன்ற பெருமிச்சம் அவற்றில் இல்லை. பெரும்பாலான விளையாட்டுகளின் வேகமும் புரொசெசரிலும் பார்க்க வரைகலை அட்டையையே சார்ந்திருக்கிறது. வேகம் கூட்டினால் உத்தரவாதம் பெரும்பாலும் அற்றுப்போகும் என்பதையும் மறத்தலாகாது.

சென்ற புதன்கிழமை நண்பரின் மகன் தொலைபேசியில் அழைத்தான்.

"மாமா, 4,600இல் நிற்கவில்லை. 4,500இல் இரண்டு மணி நாற்பது நிமிடத்தில் ஒரு பிழை வந்தது. 4,300இல், 1.30 வோல்ற்றில், முப்பது மணிநேரம் ஓடியது. ஒரு பிழையும் இல்லை. எல்லாம் கொப்பியில் எழுதியிருக்கிறேன்."

"மிக நன்று, தம்பி. அப்பா கணக்கு எழுதும்போது என்ன செய்வீர்?"

சற்று நேரம் பதிலில்லை.

"பயோஸில் இரண்டு அமைப்புகளையும் சேமித்து வைத்திருக்கிறேன், மாமா. விளையாடவும் என் பரிசோதனைகளுக்கும் 4,300. அப்பா உட்காரும்போது பழைய 3,300. என் பரீட்சைக் கட்டுரையையும் அதிலேதான் எழுதப்போகிறேன். அப்பாவின் கணக்கில் ஊர்க் காசு இருக்கிறதல்லவா?"

நாம் அவனுக்குக் கூற வேறொன்றும் இருக்கவில்லை. தந்தையார் மாலையில் கணக்கெழுதத் தொடங்குமுன், அந்தக் கொப்பியை ஒருமுறை வாங்கிப் பார்த்துவிட்டே உட்காருகிறாராம்.